ருடால்ஃப் கார்ட்டியரும் தொலைக்காட்சி நாடகமும்

1. முன்னுரை

நாடகத்தின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு, இயல் தமிழின் வரலாற்றை எழுதுவார்க்கு இல்லாத இடர் ஒன்று உண்டு. பாட்டு ஏட்டில் நிற்கும். ஆட்டமோ ஆடியவரோடும் கண்டவரோடும் மறையும். முறுவல், சயந்தம், செயிற்றியம் முதலிய நாடகத் தமிழ் நூல்களை நாம் அடியார்க்கு நல்லார் உரைவழிப் பெயரளவிலேயே அறிகின்றோம். நூலே இறந்துபட்டதெனின், அந்நூல் வகுத்த ஆட்டம் எங்ஙனம் எஞ்சும்?

இவ்விடர் பழங்காலத்திற்கே உரியது என்று எண்ணுதல் பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், இலண்டன் மாநகரில், பல இலட்சம் மக்கள் ஒரே பொழுதில் தத்தம் இல்லத்திலிருந்து கண்ட நாடகங்கள் பல, ஆடிய இரவிலேயே மறைந்தொழிந்தன. அவற்றைப் படைத்தோருள் தலையாயவர் ஒருவர் ருடால்ஃப் கார்ட்டியர் (1904–1994). பி.பி.சி. நிறுவனத்தில் 1952 முதல் 1976 வரை 120க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை ஆக்கியவர் இவர். அவற்றுள் நமக்கு எஞ்சியவை சில, எஞ்சாதவை பல.

கார்ட்டியரைப் பற்றி வழங்கும் கருத்து ஒன்றே: சிறு திரையைப் பெருந்திரை போல விரிவாக்கியவர் என்பது அது. இக்கருத்துத் தவறன்று, ஆயின் முழுமையுடையதும் அன்று. விரிவு அவருக்குக் கருவியே அன்றிக் குறிக்கோள் அன்று என்பதும், தன் வீட்டில் அச்சமின்றி அமர்ந்திருக்கும் பார்வையாளனை அந்நிலையினின்று எழுப்புதலே அவர்தம் குறிக்கோள் என்பதும் ஈண்டு நாம் நிறுவ முயலும் கருத்தாம்.

2. இலண்டனுக்கு வந்த வழி

கார்ட்டியர் 1904 ஏப்ரல் 17ஆம் நாள் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் தோன்றினார். முதற்கண் கட்டடக் கலை பயின்றார். பின்னர் அதனை விடுத்து நாடகக் கலை பயிலச் சென்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மாக்ஸ் ரைன்ஹார்ட். மேடையைப் பெருங்கூட்டத்தாலும் ஒளியாலும் நிறைத்துக் காட்டிய பேராசிரியர் அவர். நாடகப் பிரதி இசைக் குறிப்புப் போன்றது, அதனை உயிர்பெறச் செய்பவன் இயக்குநனே என்பது ரைன்ஹார்ட்டின் கொள்கை. மாணவர் இதனை வாழ்நாள் முழுதும் போற்றினார். கட்டடக் கலைப் பயிற்சியும் வீண்போகவில்லை. இடத்தை அளந்து காணும் கண் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது.

1929ஆம் ஆண்டளவில் பெர்லின் சென்று திரைக்கதை எழுதுவோராக அமர்ந்தார். காட்சர் என்னும் பெயரில் அவர் இயக்கிய துப்பறியும் படம் ஒன்று 1933இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ஜெர்மன் திரையுலகின் கதவு யூதர்க்கு அடைபட்டது. அவர் பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்கா சென்றார். உடன் பணியாற்றிய பில்லி வைல்டர் அங்கே பெரும்புகழ் எய்தினார். கார்ட்டியர்க்கோ அங்கு வாழ்வு அமையவில்லை. 1935இல் இங்கிலாந்தை அடைந்தார். பின் பதினேழு ஆண்டுகள் சிறு பணிகளிலேயே கழிந்தன. ஆஸ்திரியாவில் தங்கிவிட்ட அவர் குடும்பத்தாருள் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டனர்.

இவ்வாழ்க்கைச் செய்திகளை நாம் விரித்துரைப்பது வரலாறு நிரப்புதற்கன்று. நாற்பத்தெட்டாம் அகவையில் தொலைக்காட்சியுள் புகுந்த ஒருவர், ஓர் ஆட்சி தன் குடிகளை எவ்வாறு வேட்டையாடும் என்பதைத் தம் வாழ்வில் அறிந்தவராகப் புகுந்தார் என்பதை நினைவிற்கொள்ளுதல் பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

3. அந்நாளைய தொலைக்காட்சி நாடகம்

பி.பி.சி.யின் தொலைக்காட்சி 1936இல் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து தொடங்கியது. நாடகங்கள் நேரடியாகவே ஒளிபரப்பாயின. நடிகர் கூடத்தில் நடிப்பர்; அதே கணத்தில் நாட்டு மக்கள் காண்பர். தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை. ஞாயிறு மாலை நடித்த நாடகத்தை மீண்டும் காட்ட வேண்டின், நடிகர் அனைவரும் வியாழனன்று திரும்ப வந்து முதலிலிருந்து நடிக்க வேண்டும்.

இந்நிலையில் தொலைக்காட்சியின் இயல்பு பற்றி ஒரு கொள்கை உருவாயிற்று. திரை சிறியது, காண்போர் குடும்பத்தார் சிலர், காணும் இடம் வீடு. ஆதலின் முகத்தை அணுகிக் காட்டும் அமைதியான உரையாடல் நாடகமே இதற்குப் பொருந்தும் என்பது அக்கொள்கை. தொடக்கக் கால நாடகங்கள் வெறும் மேடைப் படப்பிடிப்பே என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஜேசன் ஜேக்கப்ஸ் அவ்வெண்ணத்தை மறுத்து, அக்காலத்து ஆக்கங்கள் பல வகையின என்பதைத் தக்க சான்றுகளால் காட்டியுள்ளார். அவர்தம் ஆய்வுக்குப்பின் பழைய எண்ணத்தை வாளா வழிமொழிதல் இயலாது.

1952இல் நாடகத் துறையின் தலைமை ஏற்ற மைக்கேல் பாரி, கார்ட்டியரை நேர்காணலுக்கு அழைத்தார். வேலை நாடி வந்தவர், அத்துறையின் நாடகங்கள் மிகவும் மோசம் என்று முகத்திற்கு நேரே கூறினார். பாரி சினங்கொள்ளாது அவரைப் பணியில் அமர்த்தினார். இருவர்க்கும் பெருமை தரும் நிகழ்ச்சி இது.

1952 ஜூலை 20இல் கார்ட்டியரின் முதல் நாடகம் ஒளிபரப்பாகியது. ஆல்பிரெக்ட் கோயஸ் என்னும் ஜெர்மானியர் எழுதிய குறும்புதினத்தினின்று கார்ட்டியரே அதனை நாடகமாக வடித்தார். படையினின்று ஓடிய குற்றத்திற்காகக் கொலைத்தண்டனை பெற்ற வீரன் ஒருவனுக்கு இறுதி இரவில் துணையிருக்க வந்த சமயகுருவின் கதை அது. உரையாடலில் ஜெர்மன் வாடை மிகுந்திருப்பதாகக் கண்ட பாரி, அதனைச் செப்பஞ்செய்யுமாறு நைஜல் நீல் என்னும் இளம் எழுத்தாளரைப் பணித்தார். தொலைக்காட்சி வரலாற்றில் சிறந்த கூட்டுறவு ஒன்று இவ்வாறு ஒரு மொழித்திருத்தத்தில் தொடங்கியது.

4. குவாட்டர்மாஸ் ஆய்வு, 1953

நீல் எழுதிக் கார்ட்டியர் இயக்கிய ‘குவாட்டர்மாஸ் ஆய்வு’ 1953 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 22 வரை, ஆறு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பாகியது. விண்வெளி சென்று மீண்ட ஏவுகலத்தில் மூவருள் ஒருவரே எஞ்சியிருக்கின்றார். அவரும் மெல்ல மெல்ல வேறோர் உயிராக மாறுகின்றார். இதுவே கதை.

கருவிகளோ பழையவை. 1936இல் நிறுவிய படக்கருவிகளே அக்கூடத்தில் இருந்தன. அவற்றைக் கையாள்வோர் காட்சியைத் தலைகீழாகவே நோக்க வேண்டியிருந்தது. இறுதிப் பகுதியில் அவ்வுயிர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் உள்ளே பெருவடிவில் தோன்ற வேண்டும். இதற்கென நீலும் பின்னாளில் அவர்தம் மனைவியான ஜூடித் கெர்ரும் கையுறைகளில் செடிகொடிகளையும் தோல்துண்டுகளையும் ஒட்டினர். பேராலய உட்புறத்தைப் பெரிதாக்கிய நிழற்படத்தைத் துளைத்து, நீல் தம் கைகளை அதன்வழி நுழைத்து அசைத்தார். அதுவே அக்கொடிய உயிர்.

இதனைக் கேட்பார் நகைத்தல் கூடும். அன்று கண்டோர் நகைத்திலர். காரணம் எளிது. 1953 ஜூன் 2ஆம் நாள் அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா அப்பேராலயத்தில் நிகழ்ந்தது; அதனைக் காண்பதற்கென்றே பலர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினர். விழா நடந்த அதே இடத்தை, ஏறத்தாழப் பதினொரு வாரத்திற்குப் பின், அதே பெட்டியில், அச்சத்தின் உறைவிடமாகக் கண்டனர். வீட்டினுள் வரவேற்ற ஒன்றே அச்சுறுத்தும் என்னும் இவ்வமைப்பு, நாம் எடுத்துக்கொண்ட கருத்துக்கு முதற் சான்றாகும்.

இத்தொடரின் முதல் இரு பகுதிகளே இன்று கிடைக்கின்றன. ஒளித்திரையின் முன் திரைப்படக் கருவியை நிறுத்தி, திரையில் தோன்றுவதை மீண்டும் படமெடுக்கும் முறையால் அவை பதிவாயின. பதிவின் தரம் நிறைவு தராமையால் எஞ்சிய நான்கும் பதிவு செய்யப்படவில்லை. இரண்டாம் பகுதியின் பதிவில், படமெடுத்த ஒளித்திரைமீது வந்தமர்ந்த பூச்சி ஒன்றும் தெரிகின்றது. செல்லரித்த ஏட்டோடு போராடிப் பதிப்பித்தோர் மரபில் வந்த நமக்கு அப்பூச்சி புதியதன்று. ஆயின் வேறுபாடு ஒன்றுண்டு. ஏட்டை அரிக்கும் பூச்சி நூலை அழிக்கும். இப்பூச்சியோ, ஒளிபரப்பான இரவு ஒன்று உண்மையில் இருந்தது என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது.

5. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு’, 1954

கார்ட்டியரின் பெயரை நாடெங்கும் பரப்பிய ஆக்கம், ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட புதினத்தின் நாடக வடிவமாகும். நாடகமாக்கியவர் நீல். பீட்டர் குஷிங், இவோன் மிட்செல், ஆந்த்ரே மொரெல் முதலியோர் நடித்தனர். 1954 டிசம்பர் 12, ஞாயிறன்று அது நேரடியாக ஒளிபரப்பாயிற்று.

அமைப்பின் விரிவு வியப்புக்குரியது. காட்சியமைப்புகள் 22; நடிகர் 28 பேர்; முன்னரே படமாக்கிச் சேர்த்த துண்டுகள் 14; இசைக்குழுவும் அப்பொழுதே இசைத்தது. படத்துண்டுகள் இருவகையில் பயன்பட்டன. கூடத்துள் அடங்காத வெளியிடங்களையும் கூட்டங்களையும் காட்டின என்பது ஒன்று. அத்துண்டு ஓடும் சிறு பொழுதில் நடிகர் ஒரு காட்சியமைப்பினின்று மற்றொன்றுக்கு விரையவும் ஒப்பனையை மாற்றவும் முடிந்தது என்பது மற்றொன்று. திரைப்படம் போலத் தோன்றுவது, உள்ளே நோக்கின், நாடக மேடையின் பின்புற ஓட்டமேயாம்.

சித்திரவதைக் காட்சிகளால் எதிர்ப்பு எழுந்தது. ஞாயிறு மாலையில் குடும்பத்தார் காணத் தகாதது எனப் பலர் முறையிட்டனர். நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் கொணர்ந்தாரும் உளர். அதனை மறுத்துத் திருத்தம் கொணர்ந்தாரும் உளர். அரசியும் தாமும் அந்நாடகத்தைக் கண்டு சுவைத்ததாக எடின்பரோக் கோமகன் பொதுக்கூட்டமொன்றில் கூறினார். டிசம்பர் 16, வியாழனன்று இரண்டாம் முறை நடித்தபோது ஏறத்தாழ 70 இலட்சம் மக்கள் கண்டனர். முடிசூட்டு விழாவிற்குப் பின் அத்துணைப் பேர் ஒருங்கு கண்டது அதுவே. இன்று எஞ்சியிருப்பது அவ்வியாழனின் பதிவே. பூசலை எழுப்பிய ஞாயிறு நாடகத்தை நாம் காண இயலாது.

இந்நாடகத்தின் உயிர்நிலை எது? கார்ட்டியரே 1958இல் திரைப்பட இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் விடை தந்துள்ளார். ஆர்வெல்லின் கதையில் வீடுதோறும் ஒரு திரை உண்டு. அத்திரை குடிகளைக் கண்காணிக்கும். 1956இல் இக்கதை திரைப்படமாக வந்தபோது, கதைத்தலைவன் கண்காணிக்கப்படுவதைத் திரையரங்கில் இருந்தோர் அயலாராய்க் கண்டனர். தொலைக்காட்சியிலோ, அக்கண்கள் பார்வையாளனின் வீட்டுத் திரையிலிருந்தே அவனை நேராக நோக்கின. கதைமாந்தர் உற்ற நடுக்கத்தை அவனும் உற்றான். இதுவே அவர்தம் கருத்தின் சாரம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. 22 காட்சியமைப்புகளைக் கட்டியவர், தம் வெற்றிக்குக் காரணமாக அவற்றைக் கூறவில்லை. வீடு, சிறு திரை, தனித்த பார்வையாளன் ஆகியவற்றையே கூறினார். அஃதாவது, அணுக்கக் கொள்கையினர் அமைதிக்குக் காரணமாகக் காட்டிய அதே இயல்புகளை, அவர் அச்சத்திற்குக் காரணமாகக் கொண்டார். அவர் மறுத்தது வீட்டின் அணுக்கத்தை அன்று. அவ்வணுக்கம் இனிமையே தரும் என்னும் முடிபையே.

6. தயாரிப்பாளரும் இயக்குநரும் ஒருவராதல்

அந்நாளில் பி.பி.சி. நாடகத் துறையில் ‘தயாரிப்பாளர்’ என்னும் சொல் இருபொருள் தழுவியது. நாடகத்தைத் தேர்தல், செலவை வகுத்தல் முதலியனவும், நடிகரை இயக்குதல், படக்கருவிகளை ஆளுதல் முதலியனவும் ஒருவர் கையிலேயே இருந்தன. கார்ட்டியரின் சிறந்த ஆக்கங்கள் பெரும்பாலும் இம்முறையில் எழுந்தவை. ‘குவாட்டர்மாஸ் II’ (1955) தொடருக்காக எசெக்ஸ் பகுதியிலுள்ள ஷெல் ஹேவன் எண்ணெய் ஆலைக்குச் சென்று படமெடுத்தார். ‘குவாட்டர்மாஸும் குழியும்’ (1958–59) தொடரில் இலண்டன் நகரையே கலவரத்தில் ஆழ்த்திக் காட்டினார். இவ்விரு தொடர்களும் முழுமையாகக் கிடைக்கின்றன. வேற்றினத்தாரை அழிக்கும் வெறி மாந்தர் குருதியில் ஊறியதோ என்னும் வினாவைப் பின்னது எழுப்புகின்றது. 1958இல் நாட்டிங் ஹில் பகுதியில் இனக்கலவரம் நிகழ்ந்த சில திங்களில் அது வெளிவந்தது.

1963இல் நாடகத் துறையின் தலைமையை ஏற்ற சிட்னி நியூமன், இவ்விரு பணிகளையும் பிரித்தார். தயாரிப்பாளர் ஒருவர், இயக்குநர் ஒருவர், கதைப் பதிப்பாசிரியர் ஒருவர் என மூவர் பொறுப்பாயிற்று. பெருகிவரும் நிகழ்ச்சிகளுக்கு இப்பிரிவினை தேவையாயிருந்தது. அதனால் புதிய எழுத்தாளர் பலர் தோன்றினர் என்பதையும் மறுத்தற்கில்லை. ஆயின் கார்ட்டியரைப் பொறுத்தவரை, தேர்ந்தெடுக்கும் உரிமை குறைந்தது. இனி அவர் இயக்குநர் மட்டுமே. பிறர் தந்த கதைகளையும் இயக்க வேண்டியவரானார்.

7. வெறுங்கூடம்

விரிவே அவர்தம் கலையெனின், 1962இல் அவர் ஆக்கிய ‘டாக்டர் கோர்ச்சக்கும் குழந்தைகளும்’ என்னும் நாடகத்திற்கு விளக்கம் கூற இயலாது. யானுஷ் கோர்ச்சக் வார்சாவில் ஆதரவற்ற யூதக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய மருத்துவர். 1942இல் அக்குழந்தைகளைத் தனியே விடாது உடன்சென்று, டிரெப்ளிங்கா கொலைக்களத்தில் உயிர் துறந்தவர். எர்வின் சில்வானுஸ் எழுதிய இந்நாடகத்தில், நடிகர் தாம் நடிகரே என்பதை வெளிப்படையாகக் கூறி வேடம் ஏற்பர். வேடத்தினின்று நீங்கியும் பேசுவர். கார்ட்டியர் இதனைப் பெரும்பாலும் வெறுமையான கூடத்திலேயே நிகழ்த்தினார். கூட்டம் இல்லை, கோட்டை கொத்தளம் இல்லை. சில மாந்தரும் அவர்தம் முகமும் குரலுமே உண்டு.

22 காட்சியமைப்புகளைக் கட்டிய கையே இங்கு ஒன்றும் கட்டாது விடுகின்றது. இரண்டும் முரணல்ல. கட்டியபொழுது பார்வையாளன் ஒளிந்துகொள்ள இடமில்லாதவாறு அவனைச் சூழ்ந்தார். கட்டாதபொழுது அவன் கண்ணைச் செலுத்த வேறிடம் இல்லாதவாறு செய்தார். வழி இரண்டு, பயன் ஒன்று.

இதனைத் தொடர்ந்து ‘ஸ்டாலின்கிராட்’ (1963), ஹிட்லரைக் கொல்ல 1944இல் நடந்த முயற்சி பற்றிய ‘ஜூலைச் சதி’ (1964), ஹங்கேரி யூதரின் உயிர்க்கு விலையாக நாஜிகள் சரக்கு வண்டிகளைக் கேட்ட வரலாற்றைக் கூறும் ‘ஜோயல் பிராண்டின் கதை’ (1965), ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததைப் பொருளாகக் கொண்ட ‘தீ மூட்டியவன்’ (1967) ஆகியவற்றை இயக்கினார். இறுதியாகக் கூறிய தீ 1933 பிப்ரவரி 27இல் எழுந்தது. அவர் நாட்டைவிட்டு நீங்கியதும் அவ்வாண்டே.

8. இரு தடைகளும் விடையும்

இங்ஙனம் கூறுதற்கு இரு தடைகள் எழும். கதையும் உரையாடலும் நீல் முதலிய பிறருடையன ஆதலின், கருத்தை இயக்குநர்மேல் ஏற்றுதல் முறையோ என்பது முதல் தடை. குவாட்டர்மாஸ் தொடர்களின் கற்பனை நீலுக்கே உரியது, அதில் ஐயமில்லை. அவற்றின் உரையாடல்கள் நூலாகவும் வெளிவந்துள்ளன. கற்பார் அவற்றில் நீலின் குரலையே கேட்பர். ஆயின் நாம் சான்றாகக் கொண்டது ஒரு நூலை அன்று. பல ஆசிரியரின் நூல்களுள் ஒருவர் மீண்டும் மீண்டும் நாடிச்சென்ற பொருளையே. தொகுத்தவன் பாடியவன் அல்லன். எனினும் தொகையில் அவன் உள்ளமும் தெரியும். முதல் நாடகத்தின் சிறைப்பட்ட வீரன் முதல் கோர்ச்சக் வரை, அரசின் பிடியில் அகப்பட்ட தனிமனிதனே திரும்பத் திரும்ப வருகின்றான். 1963க்குப் பின், தேர்வுரிமை குறைந்த நிலையிலும் இப்பொருள் மறையவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

இரண்டாம் தடை, இப்பொருளில் அடங்காத ஆக்கங்கள் பல உள என்பது. ‘உதரிங் ஹைட்ஸ்’ புதினத்தை 1953இலும் 1962இலும் இருமுறை நாடகமாக்கினார். ‘அன்னா கரேனினா’ (1961) உண்டு. ‘சலோமி’, ‘ஒத்தெல்லோ’, ‘கார்மென்’ ஆகிய இசை நாடகங்களும் உண்டு. இவற்றையெல்லாம் நம் கருத்துக்குள் வலிந்து புகுத்துதல் ஆய்வு நெறியாகாது. 24 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் பணியாற்றியவர் பலவகை ஆக்கங்களையும் செய்தல் இயல்பே. ஒருவர்தம் உள்ளம் எங்கு மிக ஆழ்ந்தது என்பதே நம் வினா.

9. முடிவுரை

கார்ட்டியர் 1976இல் இயக்குதலை நிறுத்தினார். 1994 ஜூன் 7ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். அவரை விரிவின் தலைவர் எனப் போற்றுவோர், பெரும்பாலும் எஞ்சிய பதிவுகளைக் கொண்டே போற்றுகின்றனர். பதிவு எஞ்சியமையே சிறப்புக்கு அளவுகோலாகாது. எஞ்சாமை தாழ்வுக்கும் சான்றாகாது. கிடைத்த பாடல்களைக்கொண்டே ஒரு புலவனின் முழு வடிவைத் துணியலாகாது என்பதை நாம் நம் இலக்கிய வரலாற்றில் நன்கு அறிவோம். அவ்வெச்சரிக்கை இங்கும் வேண்டற்பாலது.

தொலைக்காட்சி நாடகம் நம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுப்பொருளாகி வருகின்றது. ஆய்வு செய்யப் புகும் மாணவர், கதையை மட்டும் ஆராய்ந்து அமையாது, அதனைத் தேர்ந்தவர் யார், இயக்கியவர் யார், எத்தகைய கருவியால், எவ்வகை வீட்டில், எப்பொழுதில் காட்டப்பட்டது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஒளிபரப்புக் கூடத்தில் பணியாற்றிய முதியோர் உள்ளபொழுதே அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதிவைத்தலும் வேண்டும். பேராலயத்தின் படத்தைத் துளைத்து நுழைந்த கைகள் யாருடையவை என்பது, அறிந்தார் கூறியமையாலன்றோ நமக்குத் தெரிந்தது!